கரையாத வட்டம்

...இருபது நிமிடத்தில் ஓரமெல்லாம் கரைந்துவிட்டது, அப்படியென்றால் செம்பைக் கரைக்கும் பெரிக் குளோரைட்டில் பிழையில்லை, பழையதாக இருந்தால் ஓரமும் கரைந்திராது. குளிரா, அதற்காகத்தான் மருந்து ஊற்றிய ஐஸ்கிறீம் பெட்டியைச் சுடுதண்ணீர்ச் சட்டிக்குள் வைத்திருக்கிறேன், ஆட்டவில்லையா, ஆட்டி ஆட்டிக் கை உளைகிறது. மற்ற இடத்திலெல்லாம் செம்பு போய்ப் பலகை தெரிகிறது, இந்த ஒரு இடத்தில் மட்டும் விரல் நுனியளவு வட்டம், பளபளவென்று, மருந்து கிட்டவே வராததுபோல. அதுவும் மை மூடிய இரண்டு கோடுகளுக்கு நடுவில். அப்படியே விட்டால் இரண்டும் ஒட்டி மின்சாரம் குறுக்கே பாயும், கரையட்டும் என்று காத்திருந்தால் மற்றக் கோடுகள் மெலிந்து அறும். பார்த்தீபன் சேர் நாளைக் காலை சண்டிலிப்பாய்த் தோட்டமொன்றுக்கு மண்ணின் ஈரம் அளக்கும் கருவியைக் கொண்டுபோகிறார், அதற்கான ஒரே மின்சுற்றை நானும் கூடப்படித்த நிரோஜாவும் ஆளுக்கொரு பலகையில் செய்கிறோம், எவளுடையது பிழையில்லாமல் வேலை செய்கிறதோ அவளுக்குத்தான் சேரின் ஆய்வுகூடத்தில் ஒரு வருட உதவியாளர் இடம். இடம் ஒன்றுதான். நிரோஜாவின் பலகை நேற்று மதியமே முடிந்துவிட்டது... முடியாமல் இருக்குமா.

விரல் நுனியளவு. விரல். இதை ஏன் இவ்வளவு நேரம் யோசிக்கவில்லை? கையிலுள்ள எண்ணெய் பட்ட இடம் கரையாது, சேர் முதல் நாளே சொன்னது. நான் சட்டி தேய்க்கும் நாரால் செம்பைத் தேய்த்து, சவர்க்காரம் போட்டுக் கழுவி, தாளில் அச்சடித்த சுற்றை ஸ்திரிக்கைப் பெட்டியால் அழுத்தி ஒட்டி, ஊறவைத்துத் தாளை உரித்த பிறகு ஓரத்தை மட்டும்தான் பிடித்தேன். நிரோஜா நேற்றுப் பின்னேரம் ஸ்கூட்டியில் வந்தவள், தலைக்கவசத்தைக் கழற்ற முதலே பலகையைக் கையில் எடுத்தாள். "வடிவா வந்திருக்கடி சுபா, என்ரையை விட வடிவு." அப்படிச் சொல்லிக்கொண்டே பெருவிரலை... வைத்தாளா? வைத்தாள். எனக்குத் தெரிகிறது, இளநீல நகப்பூச்சுக்கூடத் தெரிகிறது. பல்கலைக்கழகத்தில் நாலு வருடமும் இப்படித்தான், நான் ஒரு கிழமை இருந்து எழுதிய செய்முறைக் குறிப்பை ஒருதரம் பார்த்துவிட்டு என்னைவிட நன்றாக விளக்குவாள், சேர்மார் சிரித்துத் தலையாட்டுவார்கள், எனக்கு அதே பதில் வீட்டுக்கு வந்த பிறகுதான் வாயில் வரும். அவளுக்குக் கதைக்க வரும். அவளுக்குத் தலைமுடிகூடச் சொன்னபடி கேட்கும். கையுறையைக் கழற்றிவிட்டுக் கைபேசியில் அவளுக்கு எழுதினேன், வழக்கமாக அழித்துவிடுவேன், இந்தமுறை அனுப்பினேன். "நீ நேற்றுத் தொட்ட இடம் கரையுதில்லை."

பதில் குரலாக வந்தது, பின்னால் அவள் படிப்பிக்கும் நல்லூர் ரியூசன் பிள்ளைகளின் சத்தம். "ஐயோ, தொட்டனானோ தெரியேல்லையடி, அவசரத்தில தொட்டிருப்பன். குறை நினையாதை. என்னட்டை ஒரு வெறும் பலகை கிடக்கு, கொண்டு வாறன், ரெண்டு பேருமாச் செய்து முடிப்பம்." இரண்டுதரம் கேட்டேன். ஒத்துக்கொண்டுவிட்டாள். நெஞ்சுக்குள் ஏதோ சூடாக இறங்கியது, நல்ல சூடு... ஆனால் மன்னிப்புக் கேட்பதுகூட அவளுக்கு எவ்வளவு லேசாக வருகிறது, நானென்றால் மூன்று நாள் எடுத்திருப்பேன்.

அம்மா கிணற்றடிக்கு வந்து எட்டிப் பார்த்தார். "என்ன பிள்ளை, சரிவரேல்லையோ?" வட்டத்தைக் காட்டினேன். குனிந்து பார்த்தவரின் முகம் ஒருமாதிரிப் போனது. "விடிய விளக்கு வைக்கேக்கை மேசையில கிடந்ததை எடுத்துச் சாமிக்கு முன்னால வைச்சு ஒரு சந்தனப் பொட்டு வைச்சனான்... நீ ஏசுவாய் எண்டு உடனை துடைச்சும் போட்டன்."

"திரி தூண்டின எண்ணெய்க் கையோடையோ?"

"பின்னை? அதுக்கு வேறை கையோ வைச்சிருக்கிறன்?"

சைக்கிளுக்கு வைத்தார், பட்டச் சான்றிதழின் கோப்புக்கு வைத்தார், இதற்கு வைக்காமல் விடுவாரா. பலகையை எடுத்துக் கழுவி, சவர்க்காரம் தோய்த்த பஞ்சால் அந்த இடத்தை மட்டும் துடைத்துத் திரும்பப் போட்டேன். ஐந்து நிமிடத்தில் வட்டம் மங்கத் தொடங்கியது, மற்றக் கோடுகள் இன்னும் தடிப்பாகத்தான் இருக்கின்றன, தப்பும், என்னுடையதும் வேலை செய்யும். கைபேசி மின்னியது. வெளிக்கிட்டுவிட்டாளாம், பத்து நிமிடத்தில் வந்துவிடுவாளாம். உன்ரை கை இல்லையடி என்று எழுத எவ்வளவு நேரம்? எழுதவில்லை. நேற்றைய பின்னேரத்தை மனதுக்குள் திரும்பப் பார்க்கிறேன், இப்போது அவள் பலகையை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில், ஓரத்தில், என்னைப்போலவே பிடித்திருக்கிறாள்.

"அம்மா, சந்தனக் கதையை நிரோஜாவிட்டைச் சொல்லாதேங்கோ."

"ஓமோம், சொன்னால் சிரிப்பாள் என்ன, வெக்கக்கேடு," என்று அம்மா வாளியைத் தூக்கினார்.

தலையாட்டினேன். வட்டம் போய்க்கொண்டிருக்கிறது, எனக்கு நிம்மதி வரவேண்டும், வரவில்லை, கையிலிருந்த எதையோ அம்மா பிடுங்கிக்கொண்டதுபோல... அவள் தொட்டிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.