அம்மாவின் சிலைக்கு என் முகம்

ஊருக்கெல்லாம் அவள் அம்மா. எனக்கும் அம்மாதான், ஆனால் வரிசையில் நான் கடைசி.

விடுதலைப் போராட்டத்தில் இரண்டு முறை சிறைக்குப் போனாள். முதல் முறை போனபோது நான் கைக்குழந்தை. நாடு விடுதலையான பிறகு குழந்தைக் கல்யாணங்களைத் தடுத்தாள். கைவிடப்பட்ட பெண்களைக் கூட்டிவந்தாள். மூலையில் முடங்கிக் கிடந்த கைத்தறிகளை அவர்களை வைத்தே மறுபடி ஓடவிட்டு, நெசவுக்கூடம் ஒன்றைக் கட்டினாள். இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. என் வயிற்றெரிச்சலே அதுதான். பொய்யாக இருந்தால் திட்டித் தீர்த்துவிட்டு நிம்மதியாக இருப்பேன்.

என் கணவர் வேறொருத்தியோடு போனதும், நானும் கைவிடப்பட்டவள்தானே என்று கூடத்துக்குப் போய் ஒரு தறி கேட்டேன்.

"உனக்குக் குடுத்தா, மகளுக்காகத்தான் கூடம் கட்டினாள்னு பேசுவாங்க," என்றாள் அம்மா. "சொந்தக்காரங்களுக்கு இங்க இடமில்ல. விதியே போட்டிருக்கேன்."

சிறைக்குப் பயப்படாதவள் நாலு பேர் வாய்க்குப் பயந்தாள். நான் ஊரார் சட்டைக்குப் பொத்தான் தைத்து என் மகளை ஆளாக்கினேன்.

போன வருஷம் அம்மா இறந்தாள். அடுத்த சில மாதங்களில் கூடத்தின் செயலாளர் வீடு தேடி வந்தார். அம்மா எதைச் சொன்னாலும் தலையாட்டியே பதவியில் இருந்தவர். நெசவுப் பெண்கள் அவருக்கு வைத்த பெயர் ஆமாம்சாமி. அம்மாவுக்குச் சிலை வைக்கப்போகிறார்களாம், புகைப்படங்களில் முகம் தெளிவாக இல்லையாம்.

"நீங்க அச்சு அசல் அம்மாவேதான். சிற்பி முன்னால கொஞ்ச நாள் உக்காந்தா போதும்."

"உக்கார்றேன். அப்புறம் எனக்கு ஒரு தறி வேணும்."

"ஆமாங்க, ஆமாங்க. செஞ்சிடலாம்."

அம்மாவின் புடவையைக் கட்டிக்கொண்டு, களிமண் வாடையில் முதுகு விறைக்க உட்கார்ந்தேன். இந்த வயதிலும் தறி கிடைக்கும் என்ற நப்பாசை. சிற்பி மூக்கை மட்டும் இரண்டு தரம் இடித்துச் செய்தார். முகம் முடிந்த அன்று செயலாளர் வந்து பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் தறியைப் பற்றிக் கேட்டேன்.

"அது அம்மா போட்ட விதிங்க. அவங்களுக்குச் சிலையும் வெச்சிட்டு, அவங்க விதியையும் மீறினா நல்லாவா இருக்கும்?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் சிலையை இன்னொரு தரம் கும்பிட்டுவிட்டுக் கிளம்பினார்.

கை மட்டும் பாக்கி. சிலையில் அம்மா ஒரு சிறுமியின் தலைமேல் கை வைத்திருக்க வேண்டும். சிறுமிக்குப் பதிலாக முக்காலியில் ஒரு களிமண் உருண்டை இருந்தது.

"அம்மா எப்படி வைப்பாங்களோ அப்படி வைங்க," என்றார் சிற்பி.

வைத்தேன். அவர் தள்ளி நின்று பார்த்து முகம் சுளித்தார்.

"அணைக்கிற கை மாதிரி இல்லையேம்மா. பிள்ளைய வெளிய தள்ளுற மாதிரில்ல இருக்கு."

"எனக்குத் தெரிஞ்ச கை இதுதான்," என்றேன். "இப்படியே செஞ்சிடுங்க."