குலசேகரம் குடும்ப உபயம்

வியட்நாமில் இருக்கிற ஒரு புத்த கோயிலுக்கு எப்படி மரியாதையாகப் போய்வருவது என்று யாழ்ப்பாணத்துச் சனத்துக்கு ஒருவர் லண்டன் கோலியர்ஸ் வுட்டில் வகுப்பெடுக்கிறார் என்றால், அந்த ஒருவர் குலசேகரமாகத்தான் இருக்கவேண்டும். வேறு ஆருக்கு அந்தத் துணிவு வரும்?

ஊரில் பிக்குமாரின் காவி உடுப்பைத் தூரத்தில் கண்டாலே றோட்டின் மற்றப் பக்கத்துக்கு மாறின ஆட்கள் இவர்கள். அதற்கு அவரவருக்குக் காரணமும் இருந்தது. ஆனால் தொண்ணூற்றைந்தில் கவுன்சில் ஒரு அறிவித்தல் விட்டது. இன்னொரு சமயத்தை மதித்து, சுற்றாடலுக்கும் கேடு செய்யாமல் பயணம் போகிற சங்கங்களுக்குக் காசு உதவி செய்வார்களாம். அவ்வளவுதான். தமிழர் நற்பணி மன்றத்துக்கு ஒரே கிழமையில் புத்தர்மேல் மரியாதை பொங்கி வழியத் தொடங்கிவிட்டது.

"சிலோனுக்குப் போகேலாது. தாய்லாந்துக்கு மற்றச் சங்கக்காரர் போயிட்டு வந்திட்டினம். ஆனபடியால் வியட்நாம்" என்று தலைவர் குலசேகரம் தீர்ப்புச் சொன்னார். சுற்றாடலைக் காப்பாற்றப் புறப்பட்ட இந்தப் பெரிய மனிதர் வைத்திருப்பது ஒரு பெற்றோல் ஸ்டேஷன். தான் தொண்டையைச் செருமினால் உலகம் பேச்சை நிறுத்தவேண்டும் என்று நினைக்கிற ஆள்.

பாலாம்பிகை பின்வரிசையில் தேத்தண்ணிப் பானைக்குப் பக்கத்தில் இருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய புருஷன் சிவானந்தன் மன்றத்தின் செயலாளர். செயலாளர் என்றால் கதிரை அடுக்குகிறவர் என்று அர்த்தம். செயலாளரின் மனைவி என்றால் தேத்தண்ணி ஊற்றுகிறவள். அதுவும் எதில்? தூக்கி எறிகிற வெள்ளைக் கப்பில். சுற்றாடல் கூட்டத்துக்கு வந்த பற்றீஸ் முழுக்கப் பிளாஸ்டிக் சுற்றி வந்திருந்தது. ஒருத்தருக்கும் வெட்கமில்லை.

"அங்கை போய்ப் புத்தரைக் கும்பிடலாமோ, இல்லையோ?" என்று ஒருவர் எழும்பிக் கேட்டார்.

"மரியாதை குடுக்கலாம். கும்பிடப்படாது."

"கையைக் கூப்பினால் அது மரியாதையோ, கும்பிடோ?"

"கை நெஞ்சு மட்டத்திலை நிண்டால் மரியாதை. தலைக்கு மேலை போனால் கும்பிடு" என்றார் குலசேகரம்.

கண்டறியாத ஆராய்ச்சி! இதிலேயே முக்கால் மணித்தியாலம் போனது. பிறகு மிளகாய்த்தூள் கொண்டுபோகலாமா, பிக்குமார் போடுகிற சோற்றைச் சாப்பிட்டால் வயிறு என்னாகும் என்று இன்னொரு மணித்தியாலம். கடைசியாகத் தலைவர் எழும்பி, கவுன்சிலில் இதற்குப் பொறுப்பாயிருந்த பெட்டை சொல்லித்தந்த விதியைச் சுவாமி படத்துக்குத் தீபம் காட்டுகிற மாதிரிக் கையை உயர்த்திச் சொன்னார்.

"கோயிலிலையிருந்து ஒண்டும் எடுத்துக்கொண்டு வரப்படாது. கோயிலிலை ஒண்டும் விட்டிட்டு வரவும் படாது. ஒரு கடதாசித் துண்டுகூட. விளங்கிச்சோ?"

எல்லாருக்கும் விளங்கியது. பாலாம்பிகைக்கு இந்தக் கூத்து ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. அவளுக்கு வேண்டியிருந்தது பிளேன். ஹவுன்ஸ்லோவில் பிளேன்களுக்குச் சாப்பாடு அடுக்கிற கிச்சினில் வேலை. ட்றேயில் பணிஸ், பட்டர், கரண்டி என்று வருஷக்கணக்காக அடுக்கிவிட்டாள். உலகத்தில் எந்த மூலைக்குப் போகிறவனுக்கும் அவள் கைச் சாப்பாடுதான். அவள் பிளேன் ஏறினது ஒரே ஒருதரம், அதுவும் அகதியாக வரும்போது. பயத்தில் அந்தச் சாப்பாட்டைத் தொடவுமில்லை. சிவானந்தன் "எங்களுக்கும் ரெண்டு சீற் இருக்கு" என்று சொன்னபோது, புத்தரோ பிள்ளையாரோ, அவள் "ஓம், போவம்" என்றுவிட்டாள்.

அடுத்தநாள் கிச்சினில் ஹோவாவிடம் அதைச் சொன்னாள். ஹோவா வியட்நாம்காரி, ட்றே ஓடுகிற பெல்ற்றில் பக்கத்தில் நிற்கிறவள். வள்ளத்தில் தப்பி வந்த சனத்தில் ஒருத்தி. இரண்டு பேரும் உடைந்த இங்கிலீஷில் கதைப்பார்கள். உடைந்தாலும் அது அவர்களுக்குக் காணும்.

"எந்த ஊர்க் கோயில்?" என்று ஹோவா கேட்டாள்.

பாலாம்பிகை ஊரின் பெயரைச் சொன்னாள். ஹோவாவின் கை நின்றுவிட்டது. மூன்று ட்றே பட்டர் இல்லாமலே போய்விட்டன.

மறுநாள் அவள் ஒரு படத்தைக் கொண்டுவந்தாள். கைக்குள் அடங்குகிற சின்னப் பிரேம். அதற்குள் ஒரு பெடியன், முன்பல் இல்லாமல் சிரித்துக்கொண்டு.

"என் மகன், மின். வள்ளத்தில் காய்ச்சல் வந்து செத்துப்போனான். கடலில் போட்டோம். புதைத்த இடம் இல்லை." அவள் இதைச் சொல்லும்போது அழவில்லை. "அது என் ஊர்க் கோயில். அங்கே செத்தவர்களுக்கு ஒரு மண்டபம் இருக்கு. படத்தை அங்கே வைத்தால் பின்னேரம் பின்னேரம் பெயரைச் சொல்லிப் பிரார்த்தனை செய்வார்கள். வைக்காவிட்டால் அவன் தண்ணீரிலேயே அலைவான். அவன் இருட்டுக்குப் பயந்தவன், பாலா. விளக்கை அணைத்தால் அழுவான்."

"நீ போகலாமே?"

"பயம்" என்றாள் ஹோவா.

களவாக வெளிக்கிட்டு வந்த நாட்டுக்குத் திரும்பிப் போகிற பயத்தைப் பாலாம்பிகைக்கு ஒருத்தரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. "தா. நான் கொண்டுபோய் வைக்கிறன்" என்று படத்தை வாங்கித் தன் கைப்பைக்குள் வைத்தாள்.

அவளுடைய பிழை, அதைக் கூட்டத்தில் சொன்னது. பேசாமல் கொண்டுபோயிருக்கலாம். ஆனால் சிவானந்தன் சும்மா இருக்கவில்லை. "அண்ணையிட்டை ஒரு சொல்லுக் கேட்டிட்டுக் கொண்டுபோவம், பேந்து பிரச்சினை வேண்டாம்" என்று அரிக்கத் தொடங்கிவிட்டார். பிரச்சினை வேண்டாம் என்பதுதான் அந்த மனிசனின் தேவாரம்.

குலசேகரம் படத்தைக் கையில் வாங்கவுமில்லை. கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.

"உது ஆரின்ரை பிள்ளை?"

"என்னோடை வேலை செய்யிற மனிசியின்ரை பிள்ளை. செத்துப்போச்சுது."

"தங்கச்சி, ரூல்ஸ் தெரியும்தானே? ஒண்டும் விட்டிட்டு வரப்படாது. இண்டைக்கு நீர் ஒரு படம், நாளைக்கு இன்னொராள் ஒரு மாலை. பேந்து கோயில் குப்பைமேடாப் போகும்."

"குப்பையோ? பிள்ளையின்ரை படம் அண்ணை!"

"அதோடை உது அரசியல். வள்ளத்திலை ஓடிவந்த ஆக்களின்ரை சாமானைக் காவிக்கொண்டு போய் அந்த அரசாங்கத்தோடை ஏன் எங்களுக்குச் சோலி? நாங்கள் மரியாதைப் பயணம் போறம்."

வள்ளத்தில் ஓடிவந்த ஆட்களாம்! அந்த ஹோலில் இருந்தவர்களில் பாதிப்பேர் மற்றவனின் பாஸ்போட்டில் ஓடிவந்த ஆட்கள். பிளேனில் ஓடிவந்தால் மதிப்புக் கூடப்போலும். ஒரு மனிசி, "ஆற்றையோ பிள்ளைக்கு நாங்கள் ஏன் சுமக்கிறது?" என்று சொல்லிவிட்டுப் பற்றீஸைக் கடித்தாள். சிவானந்தன் நிலத்தில் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

"போகேக்கை எல்லாற்றை பாக்கையும் நானே செக் பண்ணுவன்" என்றார் குலசேகரம். செய்யக்கூடிய ஆள்தான். கைப்பைக்குள் இருந்த அந்தச் சின்னப் பிரேம் பாலாம்பிகைக்கு இரும்புமாதிரிப் பாரமாக இருந்தது. ஹோவாவுக்கு என்ன முகத்தோடு திருப்பிக் கொடுப்பது? கிழமை முழுக்க அவள் ஹோவாவின் கண்ணைப் பார்க்காமலே பணிஸ் அடுக்கினாள்.

கடைசிக் கூட்டத்துக்குக் கவுன்சில் பெட்டையும் வந்திருந்தாள். நல்ல பெட்டை, பாவம். குலசேகரம் சொன்ன எல்லாவற்றுக்கும் "வொண்டர்ஃபுல்" என்று தலையாட்டினாள். விதிகள் எல்லாம் இன்னொருதரம் வாசிக்கப்பட்டன. பிறகு குலசேகரம் கையைத் தட்டினார். இரண்டு பேர் ஒரு பெரிய பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். குமிழி பிளாஸ்டிக்கை உரிக்க உரிக்க, அது ஹோல் முழுக்கப் பரவிக்கொண்டு போனது. உள்ளே ஒரு குத்துவிளக்கு. பாலாம்பிகையின் நெஞ்சு உயரம் இருக்கும். பித்தளையின் அடியில், தமிழிலும் இங்கிலீஷிலும், வெட்டியிருந்தது: உபயம், குலசேகரம் குடும்பம், கோலியர்ஸ் வுட், லண்டன்.

சரி, அதோடாவது நின்றாரா? பெட்டிக்குள் இருந்து இன்னொன்றும் வந்தது. தங்கக்கரை பிரேம் போட்ட அவருடைய படம். கலியாணம் கட்டின காலத்துப் படம். கறுத்த அடர்த்தியான தலைமயிர், மெல்லிய மீசை, கோட்டு. இப்போதைய மொட்டைத் தலைக்கும் அதற்கும் ஒரு சொந்தமும் இல்லை.

"விளக்குக்குப் பக்கத்திலை உபயகாரரின்ரை படம் இருக்கவேணும். ஊர்க் கோயிலிலை அதுதானே முறை" என்றார்.

சனம் கை தட்டியது. தட்டாதோ பின்னே! லைற் பல்பிலும் பேர் எழுதி வெளிச்சத்தை மறைக்கிற பரம்பரை.

"அண்ணை" என்று பாலாம்பிகை எழும்பினாள். "ஒண்டும் விட்டிட்டு வரப்படாது எண்டியள்?"

"இது விட்டிட்டு வாறதில்லை, தங்கச்சி. இது அன்பளிப்பு."

"அப்ப அந்தப் பிள்ளையின்ரை படம் குப்பை. உங்கடை மூஞ்சை அன்பளிப்பு."

சிவானந்தன் "இஞ்சை, இரும்" என்று அவளுடைய சேலைத் தலைப்பை இழுத்தார். அவள் தலைப்பைப் பறித்துக்கொண்டு கவுன்சில் பெட்டையைப் பார்த்தாள். தமிழில் இந்தச் சனத்தோடு கதைத்துப் பிரயோசனமில்லை என்று அவளுக்கு அப்போதுதான் பட்டது. தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னாள்: நான் இந்தப் பயணத்துக்குப் போகவில்லை. என்னுடைய இடத்தில் என் சிநேகிதி போவாள். அவள் வியட்நாம்காரி, அந்த ஊர்க்காரி. கோயிலில் எப்படி நடக்கவேண்டும் என்று இவர்களுக்கு அவள் காட்டித் தருவாள்.

சொல்லி முடித்தபிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே தெரிந்தது. போச்சு, பிளேன் போச்சு.

கவுன்சில் பெட்டை கதிரையை விட்டே எழும்பிவிட்டாள். வியட்நாம்காரியோ! இதைவிட மரியாதை வேறு என்ன இருக்கு! குலசேகரத்தின் இரண்டு கையையும் பிடித்து, இது உங்களுடைய யோசனைதானே என்று கேட்டாள். அவர் சனத்தை ஒருதரம் பார்த்துவிட்டு, "யெஸ், யெஸ்" என்றார். சவுத்தாலில் இருக்கிற பயண ஏஜென்ட் இன்னும் டிக்கெட் எழுதியிருக்கவில்லை. பெயரை மாற்றுவதில் கரைச்சல் இருக்கவில்லை.

ஹோவாவைச் சம்மதிக்கப் பண்ணுவதுதான் பெரும்பாடு. "பிடித்துவிடுவார்கள், பாலா" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

"விசரி! உன்னை ஆர் பார்க்கப்போகினம்? ஒரு பெரிய குத்துவிளக்கைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு ஒரு மொட்டையன் முன்னாலை போவான். ஏயாப்போட்டிலை இருக்கிறவன் எல்லாம் அவனைத்தான் பார்ப்பான். நீ பின்னாலை போ. உன்ரை பிள்ளையைக் கொண்டுபோ."

ஹோவா படத்தை வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டாள்.

அவர்கள் போன அன்றைக்குப் பாலாம்பிகைக்கு ஷிப்ட் இருந்தது. ட்றொலிகள் வெளியே போகும்போது, எது எந்தப் பிளேனுக்கு என்று அவள் பார்க்கவில்லை. பார்த்தால் அழுகை வரும் என்று தெரியும்.

திரும்பி வந்த கிழமையே குலசேகரம் நன்றிக் கூட்டம் வைத்துவிட்டார். பெரிய திரையில் படம் ஓடியது. எல்லாப் படத்திலும் விளக்கும் அவரும்.

"பிக்குமார் என்ரை படத்தைக் கண்ட உடனை எழும்பி நிண்டவை" என்றார். "வெளியிலை வைக்கேல்லை. உள்மண்டபத்துக்குக் கொண்டுபோய், மற்றப் படங்களோடை சுவரிலை மாட்டினவை. ஒவ்வொரு பின்னேரமும் என்ரை பேரைச் சொல்லிப் பூசை! வருசத்திலை ஒரு நாள் விசேச பூசையுமாம். எந்த நாள் எண்டு கேட்டவை. நான் என்ரை பிறந்தநாளைக் குடுத்தனான்."

சனம் கை தட்டியது. பாலாம்பிகை தேத்தண்ணியைக் கீழே வைத்தாள். உள்மண்டபமா? மற்றப் படங்களோடா?

விடிந்ததும் கிச்சினுக்கு ஓடினாள். ஹோவா தலைவலையைப் போட்டுக்கொண்டு நின்றாள். முகம் தெளிந்திருந்தது.

"அந்தாளின்ரை படம்?" என்றாள் பாலாம்பிகை, வணக்கமும் இல்லாமல்.

ஹோவா பணிஸ் கூடையைப் பார்த்தபடியே சொன்னாள். "எங்கள் ஊரில் கோயிலுக்குக் கொடுக்கிற சாமானில் பெயர் இருந்தால், அது செத்தவருடைய பெயர். கூடவே படமும் இருந்தால் சந்தேகமே இல்லை. வயதான துறவி என்னிடம் கேட்டார், படத்தில் இருப்பது இந்தப் பெரியவரின் மகனா, எந்த நாள் செத்துப்போனான் என்று. நான் திகதியை மட்டும் உங்கள் தலைவரிடம் கேட்டுச் சொன்னேன்."

"நீ உண்மையைச் சொல்லேல்லையோ?"

"சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சொன்னால் படத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். அப்போது மின்னைப் பார்த்தேன். சுவரில் கடைசி மூலையில் வைத்திருந்தார்கள். பக்கத்தில் ஒருவரும் இல்லை. அவனுக்குத் தனிய இருக்கப் பயம், பாலா." அவளுடைய குரல் இப்போதுதான் உடைந்தது. "இப்போ பக்கத்தில் ஒரு பெரிய ஆள் இருக்கிறார். காலடியில் அந்த விளக்கும் எரிகிறது."

பாலாம்பிகை முதலில் சிரித்தாள். பெல்ற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வருமட்டும் சிரித்தாள். மூன்று ட்றே பணிஸ் இல்லாமல் போய்விட்டன. சூப்பர்வைசர் தூரத்தில் இருந்து கத்தினான். பிறகு அவள் முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டு அடுத்த ட்றேயை இழுத்தாள்.

"இருக்கட்டும்" என்றாள். "இவ்வளவு காலமும் தலைவரா இருந்து அந்த மனிசன் ஒருத்தருக்கும் ஒரு பிரயோசனமும் இல்லை. இனியாவது ஒரு பிள்ளைக்குத் துணையா இருக்கட்டும்."