கையை இறக்கச் சொல்லும் வரி

என் அக்காவின் குரலைக் கேட்காதவர்கள் இந்த ஊரில் இருக்க முடியாது. ரயில் தாமதம் என்று சொல்வது அவள்தான். போன் செய்தால் "நீங்கள் அழைக்கும் நபர் வேறு அழைப்பில் உள்ளார்" என்று நம் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்வதும் அவள்தான். லிஃப்டில் ஏறினால் "கதவு மூடுகிறது" என்பதும் அவள்தான். அவளோடு சண்டை போட்டுவிட்டு வெளியே போனால் ஊரே சேர்ந்து என்னைத் துரத்துகிற மாதிரி இருக்கும். அதற்காகச் சண்டை போடாமல் இருந்ததில்லை. அவளுக்குக் குரல், எனக்கு வாய். பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பில் உட்கார்ந்திருக்கிறேன். நாள் முழுக்க மற்றவர்களை வாயைத் திறக்கச் சொல்லும் இடத்தில் நான் மட்டும் ஏன் மூடிக்கொண்டிருக்க வேண்டும்?

அத்தான் லிஃப்ட் மெக்கானிக். குழிக்குள் இறங்கி உடம்பெல்லாம் கிரீஸோடு வேலை பார்க்கும்போது மேலே அவள் குரல் கேட்டுக்கொண்டே இருக்கும். "கதவு மூடுகிறது" என்றால் "மூடும்மா, மூடு" என்று பதில் சொல்வார். அந்தக் குரலுக்குச் சொந்தக்காரி யார் என்று தேடிப்பிடித்துத்தான் கல்யாணம் செய்துகொண்டார். அதன் பிறகும் பதில் சொல்வதை விடவில்லை. யாராவது ஒரு மாதிரி பார்த்தால், "என் பொண்டாட்டி சார். வேலைக்கு வந்த இடத்துலயும் விட மாட்டேங்கிறா" என்பார். சொல்லும்போது முகத்தில் அப்படி ஒரு பெருமை.

பிறகு அவருக்கு மறதி வந்தது. இந்த வயதில் வரக்கூடாதுதான், ஆனால் வந்துவிட்டது என்றார் நரம்பு டாக்டர். முதலில் ஸ்பேனர் வைத்த இடம் மறந்தது, பிறகு வீடு எந்த மாடி என்பது, பிறகு நான் யார் என்பது. போகாமல் ஒட்டிக்கொண்டிருந்தது ஒன்றே ஒன்று, அக்காவின் குரல். எங்கே இருந்தாலும் அவள் "என்னங்க" என்றால் போதும், "இதோ வந்துட்டேன்மா" என்று அந்தத் திசைக்கு நடக்க ஆரம்பித்துவிடுவார். காணாமல் போனால்கூட நாங்கள் பெரிதாகப் பதற மாட்டோம். அக்கம்பக்கத்துக் கட்டடங்களின் லிஃப்டுகளில் போய்ப் பார்ப்போம். ஏதாவது ஒன்றில் ஏறுவதும் இறங்குவதுமாக, அவள் சொல்வதற்கெல்லாம் தலையாட்டிக்கொண்டு நிற்பார்.

பூட்டி வைக்கலாமே என்று சொல்லாதவர்கள் இல்லை. பூட்டெல்லாம் அவருக்கு விளையாட்டு. பெயர் மறந்த கைக்கு ஸ்க்ரூ மறக்கவில்லை. தாழ்ப்பாளையே கழற்றி ஒழுங்காக மேசைமேல் வைத்துவிட்டுப் போவார்.

இதற்கெல்லாம் முன்பே, ஊரில் கலவரம் நடந்த சமயத்தில், போலீஸ் துறை அக்காவைக் குரல் பதிவுக்குக் கூப்பிட்டிருந்தது. துணைக்கு நானும் போனேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று அவள் வாசித்தாள். "நில்லுங்கள். கைகளை மேலே தூக்குங்கள். அசையாதீர்கள். முன்னே வந்தால் சுடப்படுவீர்கள்." ரயில் வருகிறது என்று சொல்கிற அதே இதத்தோடு சொன்னாள். அதுதான் வேண்டும் என்றார்கள்.

"கையை இறக்கச் சொல்ற வரி ஒண்ணையும் காணோமே?" என்று பதிவு செய்கிறவரிடம் கேட்டேன்.

"அதுக்கெல்லாம் ஆளு வருவாங்க மேடம்," என்று சிரித்தார் அவர்.

ஆள் வரவில்லை. தும்பி வந்தது. ட்ரோன் என்று செய்தியில் சொல்வார்கள், எங்கள் தெருவில் அதற்குத் தும்பி என்று பெயர். அடிவயிற்றில் குட்டையாக ஒரு துப்பாக்கிக் குழல். கலவரம் அடங்கியது, தும்பி மட்டும் போகவில்லை. கடைத்தெருவில் நாலு பேர் சேர்ந்து நின்றாலே தலைக்கு மேல் வந்து நிற்கும். என் அக்காவின் குரலில் பேசும். எல்லாரும் கையைத் தூக்குவார்கள். அது பார்த்துவிட்டுப் போகும். போன பிறகு கையை இறக்கிக்கொண்டு விட்ட இடத்திலிருந்து பேரத்தைத் தொடர்வார்கள். எதற்குத்தான் மனுஷனுக்குப் பழக்கம் வராது, சொல்லுங்கள்.

எங்கள் கட்டடத்தின் கீழே ஒரு தையல்காரர் இருந்தார். மெஷின் சத்தத்திலேயே காலம் தள்ளி, காது மந்தம். ஒரு நாள் காலையில் அவர் கடை ஷட்டரைத் தூக்க வரும்போது தும்பி அவரை நிற்கச் சொல்லியிருக்கிறது. அவருக்குக் கேட்கவில்லை. முன்னே வந்தார். எச்சரிக்கை முறைப்படி கொடுக்கப்பட்டது என்று அறிவித்தார்கள். கொடுத்தது யார்? என் அக்கா. அவள் அன்று முழுக்கப் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. என் ரவிக்கை ஒன்று பாதி தைத்தபடி அந்தக் கடைக்குள்ளேயே கிடக்கிறது. கேட்டு வாங்க எனக்கு மனம் வரவில்லை.

அடுத்த வாரமே எங்கள் தலையில் இடி விழுந்தது. தும்பி எங்கள் மாடி உயரத்தில் பறந்துகொண்டு கீழே யாரையோ "நில்லுங்கள்" என்றது. நான் அடுப்படியில் இருந்தேன். திரும்பிப் பார்த்தால் அத்தான் பால்கனியில், ஒரு கால் கம்பிக்கு அந்தப் பக்கம். முகமெல்லாம் சிரிப்பு. "இதோ வந்துட்டேன்மா, இதோ" என்று தும்பியைப் பார்த்துக் கையை நீட்டிக்கொண்டிருந்தார். பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்தேன். இரண்டு பேரும் தரையில் விழுந்தோம். விழுந்த பிறகும் அவர், "அவ கூப்பிடுறா, விடும்மா" என்று என் கையைத் தட்டிவிட்டுக்கொண்டே இருந்தார்.

அப்போதுதான் முழுதாக உறைத்தது. ஊரில் எல்லாரும் அந்தக் குரலைக் கேட்டால் நிற்பார்கள். இந்த ஒரு மனுஷன் மட்டும் அதை நோக்கி நடப்பார். நடந்தால் சுடும்.

போலீஸ் அலுவலகத்துக்குப் போனோம். எங்களைப் பார்த்த அதிகாரி நல்ல மனுஷர், அதுதான் கொடுமை. டீ வரவழைத்தார். அக்கா பேச ஆரம்பித்ததும் அறையில் இருந்தவர்கள் எல்லாரும் ஒரு கணம் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ஒரு கான்ஸ்டபிளின் கை தானாகக் கொஞ்சம் மேலே போனதை நான் பார்த்தேன்.

"உங்க குரலுக்குத்தான் மேடம் ஜனங்க நிக்கிறாங்க," என்றார் அதிகாரி. "எத்தனையோ குரல் வச்சுப் பார்த்தாச்சு. மத்ததுக்கெல்லாம் ஓடுறான். இதுக்கு நின்னுடுறான். நீங்க எத்தனை உயிரைக் காப்பாத்தியிருக்கீங்க தெரியுமா?"

"என் வீட்டுக்காரர் உயிரு?" என்றாள் அக்கா.

"அவரை வெளிய விடாதீங்க."

"அவரு லிஃப்ட் மெக்கானிக் சார். அவரு திறக்காத கதவு கிடையாது."

"குரலை மாத்துறது என் கையில இல்ல மேடம். மேல இருந்து வரணும். எழுதிப் போடுறேன்."

"அவர் மூஞ்சியாவது அந்த மெஷினுக்குத் தெரியுமா? இவரைச் சுடாதேன்னு சொல்லி வைக்க முடியாதா?" என்று நான் எகிறினேன்.

"அப்படி ஒருத்தருக்குச் சொன்னா எல்லாரும் கேப்பாங்களேம்மா." கோபப்படாமல் சொன்னார். கோபப்பட்டிருந்தாலாவது நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டிருப்பேன். டீயைக் குடித்துவிட்டு வந்தோம்.

நரம்பு டாக்டரிடம் போனாள் அக்கா. அத்தான் புதிதாக எதையாவது கற்றுக்கொள்வாரா என்று கேட்டாள். "வாய்ப்பு கம்மி. சொல்லிக்கொடுத்தா நிக்காது. ஆனா பயம் மட்டும் தங்கிடும். அதனால அவரை எதுக்கும் பயமுறுத்திடாதீங்க," என்றார் டாக்டர். அவர் அதை எச்சரிக்கையாகத்தான் சொன்னார். அக்கா அதை வழியாக எடுத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் கூடத்தில் நாற்காலிகளை ஓரம் தள்ளினாள். அத்தானைச் சுவரோரம் நிறுத்தினாள். எதிர்ச் சுவரில் அவள் நின்றாள். "நில்லுங்கள். கைகளை மேலே தூக்குங்கள்." அவர் சிரித்துக்கொண்டே அவளை நோக்கி வந்தார். நான் பிடித்து நிறுத்திக் கைகளைத் தூக்கிவிட்டேன். ஏதோ விளையாட்டு என்று நினைத்தார். கையைத் தூக்கினார், கொஞ்சம் ஆடிக்கூடக் காட்டினார். நானும் சிரித்துவிட்டேன். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. மறுபடி சொன்னாள். மறுபடி வந்தார்.

அன்பாகச் சொல்லிப் பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள். ஒரு மண்ணும் நிற்கவில்லை. காலையில் நின்றால் மத்தியானம் மறந்துவிடுவார். பிறகு குளிர்ந்த தண்ணீரை முகத்தில் அடித்தாள். அவர் திடுக்கிட்டார், துடைத்துக்கொண்டார், "ஏம்மா?" என்றார். திரும்பவும் அவளிடமே வந்தார், துடைத்துவிடச் சொல்லி.

அடுத்தது அறை. முதல் அறை விழுந்தபோது நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "உனக்குப் பைத்தியமா பிடிச்சிருக்கு? விடு, செத்தா சாகட்டும், இப்படி வேணாம்" என்றேன். சொல்லியிருக்கக் கூடாத வார்த்தைதான்.

"என்னை அவருக்குப் பிடிக்காம போகட்டும்டி," என்றாள். "ஆளு இருக்கட்டும்."

கையை உதறிவிட்டு எதிர்ச் சுவருக்குப் போய் நின்றாள். ரயில் வருகிறது என்று சொல்கிற அதே இதத்தோடு, "நில்லுங்கள்" என்றாள். நான் அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டேன். அப்போதும் கேட்டது.

பயம் தங்கியது. டாக்டர் சொன்னது பொய்யில்லை. ஒரு நாள் அவள் "நில்லுங்கள்" என்றதும் அத்தான் நின்றார். கைகள் மேலே போயின. கண்ணை மூடிக்கொண்டார். அக்கா சுவரோடு சரிந்து உட்கார்ந்து, நான் இதுவரை கேட்காத ஒரு சத்தத்தில் அழுதாள். அந்தச் சத்தத்துக்கும் அவர் கையைத் தூக்கியபடியே நின்றார்.

அவருக்கு எந்த வார்த்தைக்குப் பயப்பட வேண்டும் என்று பிரித்தறியத் தெரியவில்லை. அதை நாங்கள் யோசிக்கவே இல்லை. அவள் "சாப்பிட வாங்க" என்றாலும் கை மேலே போகும். போனில் யாரிடமாவது பேசினாலும் போகும். லிஃப்டுக்குள் கால் வைக்கவே மாட்டேன் என்றார். படியில் கைத்தாங்கலாக ஏற்றி இறக்கினோம். வீட்டில் அக்கா பேசுவதை நிறுத்தினாள். சாப்பாடு போட, குளிக்க வைக்க, கூப்பிட, எல்லாவற்றுக்கும் என் வாய். நான் ஊட்டினால் வாங்கிக்கொண்டார். அவள் அறைக்குள் வந்தால் பயப்பட மாட்டார். பேசாதவரை அவள் அவருக்கு யாரோ ஒரு பெண். சில சமயம் அவளுக்கு உட்கார இடம்கூடக் கொடுப்பார்.

ஆனால் பிழைத்திருந்தார். தும்பி வந்தால் தெருவிலேயே முதல் ஆளாகக் கையைத் தூக்குபவர் அவர்தான். அதைப் பார்த்து எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதை நினைத்தால் இப்போது உடம்பு கூசுகிறது.

இன்று காலை அவரை டாக்டரிடம் அழைத்துக்கொண்டு கடைத்தெரு வழியாகப் போனோம். நாங்கள் இருவரும் ஒரு கடையில் மாத்திரை வாங்க நின்றோம். அத்தான் நாலடி முன்னே நடந்துவிட்டார். தும்பி இறங்கி வந்து தெருவுக்குக் குறுக்கே நின்றது.

"நில்லுங்கள். கைகளை மேலே தூக்குங்கள்."

ஆண் குரல். கனமாக, செய்தி வாசிக்கிற மாதிரி. எழுதிப் போடுகிறேன் என்று சொன்னவர் எழுதிப் போட்டிருக்கிறார். நல்ல மனுஷர் என்று சொன்னேன் அல்லவா.

தெருவே கையைத் தூக்கியது. நானும் தூக்கினேன், அக்காவும் தூக்கினாள். அத்தான் நடந்துகொண்டிருந்தார். அந்தக் குரலுக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. யாரோ ஒருவன் எங்கேயோ பேசுகிறான். "முன்னே வந்தால் சுடப்படுவீர்கள்." தும்பியின் குழல் அவர் பக்கம் திரும்பியது. ஓடிப்போய்ப் பிடிக்க முடியாது. அசைந்தால் எங்களையும் சேர்த்துத்தான். என் வாய் எதற்கும் உதவவில்லை. "அத்தான், அத்தான்" என்று கத்தினேன், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அக்கா வாயைத் திறந்தாள். எத்தனையோ நாள் பேசாத தொண்டை, முதலில் கரகரத்தது.

"நில்லுங்கள். கைகளை மேலே தூக்குங்கள்."

அவர் நின்றார். இரண்டு கைகளும் விருட்டென்று மேலே போயின. முதுகு நடுங்குவது எங்களுக்குத் தெரிந்தது. தும்பி அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு திரும்பிக் கூரைகளுக்கு மேல் போய்விட்டது. தெரு கையை இறக்கிக்கொண்டது. கடைக்காரர் மாத்திரையை எடுக்கத் திரும்பினார்.

அத்தான் மட்டும் இறக்கவில்லை. அக்கா அவர் பின்னால் ஓடினாள். தன்னை மறந்து, "போயிடுச்சுங்க, ஒண்ணும் இல்லீங்க, கையை இறக்குங்க" என்றாள். அவள் பேசப் பேச அவர் கைகள் இன்னும் விறைத்து உயர்ந்தன, குதிகால் தரையை விட்டு எழும்பும் அளவுக்கு.

"அக்கா, நீ பேசாதே," என்றேன்.

அவள் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் அவர் முன்னால் போய் நின்றேன். கைகளைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. கண்ணை இறுக மூடியிருந்தார். பிறகு ஒரு கண்ணை மட்டும் கொஞ்சம் திறந்து, என்னிடம் ரகசியமாகக் கேட்டார்.

"அந்தப் பொம்பள போயிட்டாளா?"

அவருக்குப் பின்னால், கை எட்டும் தூரத்தில், அக்கா நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள், சொல் என்று.

"போயிட்டா அத்தான்," என்றேன்.

அவர் கைகளை இறக்கினார்.