சகினாவின் பிளேட்

கிண்டியில் ஒரு கம்பெனியில் இரும்பில் துளை கடைகிற போரிங் மிஷினுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போன ரத்னாவுக்கு, டெஸ்ட் வைக்க வந்த சூப்பர்வைசரைப் பார்த்ததும் சட்டென்று அடையாளம் தெரிந்தது. நீலக் கோட்டு, தலையில் முக்காடு, காதோரம் பென்சில். சகினா. பார்த்து இருபத்தோரு வருஷம் ஆகியிருந்தது.

“இன்னா ரத்னா, அப்டியே கீற” என்றாள் சகினா. சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. கடைய வேண்டிய இரும்புத் துண்டான ஜாப் எங்கே இருக்கிறது, அளவு என்ன என்று காட்டிவிட்டுத் தள்ளி நின்றுகொண்டாள்.

ரத்னா அதுவரை ஈக்காட்டுத்தாங்கலில் நல்லசிவம் அண்ணாச்சியின் பட்டறையில் வேலை பார்த்தாள். முதலில் டிரில்லிங் மிஷின், கடைசி எட்டு வருஷம் போரிங். மாதம் பதினாலாயிரத்து ஐந்நூறு. அண்ணாச்சியின் மகன் இப்போது பட்டறையை ஒரகடத்துக்குக் கொண்டுபோகிறான். ஆற்றோரத்து வீடு இடிக்கப்பட்டுப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்ட குடும்பம் அவளுடையது. அங்கிருந்து ஒரகடத்துக்குத் தினமும் போய்வருவது ஆகிற காரியமில்லை.

சகினாவும் அவளும் அந்தப் பட்டறையில் ஒரே வாரத்தில் சேர்ந்தவர்கள். ரத்னா அப்போது கோட்டூர்புரத்திலிருந்து வருவாள், சகினா சைதாப்பேட்டையிலிருந்து. இருவருக்கும் இருபது வயது. பக்கத்துப் பக்கத்து மிஷின். அந்த இரைச்சலில் வாயசைவை வைத்தே ஊர்க்கதை முழுக்கப் பேசுவார்கள். சாயங்காலம் வெளியே கிளம்புமுன் ஒருத்தி தலையில் ஒட்டிய இரும்புத் தூளை மற்றவள் தட்டிவிடுவாள். சம்பளத்தன்று தி.நகர் ரங்கநாதன் தெரு. ஒரு மணி நேரம் பேரம் பேசி இரண்டு ஹேர் கிளிப் வாங்குவார்கள். எத்தனை சோப்பு போட்டாலும் எண்ணெய் வாசனை போகாத விரல்களால் மிளகாய் பஜ்ஜி தின்றுகொண்டே மாம்பலம் ஸ்டேஷன் வரை நடப்பார்கள். அந்த ஒன்றரை வருஷம் போல் பிறகு ஒரு காலம் ரத்னாவுக்கு வாய்க்கவே இல்லை.

அப்போது ஹெல்பருக்கு நாள் கூலி அறுபது ரூபாய், ஆப்பரேட்டருக்கு நூற்றுப்பத்து. ஹெல்பராகவே இருந்த இருவரும் சேர்ந்துதான் அண்ணாச்சியிடம் போய் ஆப்பரேட்டர் வேலை கேட்டார்கள்.

“ஒரு எடந்தான் இருக்கும்மா” என்றார் அவர். “ஆளுக்கொரு பிளேட்ல நாலு தொளை போடுங்க. எது சரியா வருதோ அவங்களுக்கு.”

ரத்னாவின் நாலாவது துளை விலகிவிட்டது. எல்லாரும் சாப்பிடக் கை கழுவப் போன நேரம், பிளேட்டுகளில் சாக்பீஸால் எழுதியிருந்த பெயர்களைத் துடைத்து மாற்றி எழுதினாள். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அவள் ஆப்பரேட்டரானாள். அந்த மாதக் கடைசியில் சகினா சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டாள். ரத்னா இரண்டு தடவை சைதாப்பேட்டைக்குப் போனாள். இரண்டு தடவையும் தெருமுனையோடு திரும்பிவிட்டாள்.

இப்போது டெஸ்ட் துளையைக் கடைந்து முடித்து மிஷினை நிறுத்தினாள். சகினா அளக்கக் குனிந்தபோது, “இருடி, அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும்” என்றாள். “அன்னிக்கி அந்த பிளேட்டு...”

“தெரியும்” என்றாள் சகினா. “நான் போட்ட தொள எனக்குத் தெரியாதா?”

“அப்பவே ஏன் கேக்கல?”

“நம்ம ரெண்டு பேரும் அடிச்சிக்கினா அங்க கீற ஆம்பளைங்க வேடிக்க பாப்பாங்க. அதுக்கு மனசு வர்ல. ஆனா ரெண்டு வருசம் உன்ன திட்டிக்கினேதான் இருந்தேன். ஆப்பரேட்டர் வேல போனதுகூட பெருசா தெர்ல. உன்னாண்ட பேசாம இருந்ததுதான் கஷ்டமா பூட்ச்சி.”

சகினா நிதானமாக மூன்று தடவை அளந்தாள்.

“சைஸ் கரெக்டா கீது” என்று சொல்லித் தாளில் எழுதினாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். “மேல மேனேஜராண்ட போனா பதினெட்டாயிரம்னுதான் சொல்லுவாங்க. இதே மிஷின் ஓட்ற ஜவஹருக்கு இருவத்திரண்டு. நீயும் அதையே கேளு.”

“கேட்டு, வேலையே இல்லன்னுட்டா?”

“நானும் வரேன், வா.”

மேனேஜர் ஆனந்தகுமார் எதிர்பார்த்த மாதிரியே பதினெட்டில் தொடங்கினார். ரத்னா இருபத்திரண்டு என்றதும், “லேடீஸுக்கு இங்க அவ்ளோ குடுக்கறதில்லையே” என்றார். சகினா அந்த ஜாப்பையும் அளவு பார்க்கும் கேஜையும் அவர் மேஜைமேல் வைத்தாள்.

“நீங்களே அளந்து பாருங்க சார். லேடீஸ் போட்டதா, ஜென்ட்ஸ் போட்டதான்னு சொல்லுங்க.”

அவர் அளக்கவில்லை. ஜாப்பையும் சகினாவையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில் இப்போதைக்கு இருபது, ஆறு மாதம் கழித்து மீதி என்று முடிவாகி, அதை எழுதியும் கொடுத்தார்.

கேட் வரை சகினா கூடவே வந்தாள்.

“மன்னிச்சிட்டேன்னு எல்லாம் சொல்ல மாட்டேன்” என்றாள்.

“வேணாம்.”

“திங்கக்கெழம எட்டு மணிக்கி ஷிஃப்ட்டு.”

ரத்னா தலையாட்டினாள். ஆனால் நகரவில்லை. சகினா மணியைப் பார்த்துவிட்டு எதிரே இருந்த டீக்கடைக்கு நடந்தாள். ரத்னா பின்னாலேயே போனாள். இரண்டு டீ வந்தது.

“உங்கம்மா எப்டி கீறாங்க?” என்றாள் சகினா.

ரத்னா சொல்ல ஆரம்பித்தாள்.