கீழ் முள்

காலையில் வீட்டில் நடந்த சண்டைக்குப் பிறகு அவள் கணவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் கத்தக் கத்த அவள் குளிர்ந்துபோவாள். அவள் குளிரக் குளிர அவன் கொதிப்பான். கல்யாணமான நாளிலிருந்து இதே கதைதான். இருவருக்கும் ஒரே ஆலை, ஒரே ஷிப்ட். அவள் கட்டுப்பாட்டு அறையில் உலையின் மேல்பக்கச் சூட்டையும் கீழ்ப்பக்கச் சூட்டையும் காட்டும் இரண்டு வெப்பமானி முட்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் வெளியே, உயரமான உலையின் அடிப்பக்கத்து மேடையில், கசியும் வால்வோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான்.

உலை நிறைய வினையூக்கி மணிகள். வாயு மேலே நுழைந்து, மணிகளுக்கு ஊடே வினைபுரிந்து சூடாகி, கீழே வெளியேறும். அந்த உலைக்கு இரண்டு குணம். அதே வாயு, அதே குளிர்நீர்தான். ஒரு சமயம் சூடாக நின்று ஒழுங்காக உழைக்கும், இன்னொரு சமயம் பிணம்போல் ஆறிக் கிடக்கும். நடுவில் மட்டும் நிற்கவே நிற்காது.

கீழ் முள் லேசாக ஏறியது.

"என்னம்மா, உன் செல்லப்பிள்ளைக்குக் காய்ச்சலா?" ஷிப்ட் மேலாளர் எட்டிப் பார்த்தார். எதற்கும் பதறாத அவருக்கு ஆலையில் 'ஐஸ்கட்டி' என்று பேர். "உள்ள போற வாயுவக் குளிர விடு. தானா அடங்கும்."

"சட்டுனு குளிர விட்டா, சார்..."

"விட்டா?"

அவளுக்குத் தெரியும். குளிர்ந்த வாயு மேலே வினைபுரியாமல் நழுவி, இன்னும் சூடு தணியாத கீழ்ப்பகுதிக்கு முழு வீரியத்தோடு போய்ச் சேரும்; அங்கே மொத்தமும் ஒரேயடியாக வினைபுரிந்து சூடு எகிறும். தெரிந்தும் கை வாயுவைக் குளிர்விக்கும் குமிழைத் திருகியது. எது கொதித்தாலும் குளிர்ந்துவிடு என்றுதான் அந்தக் கை பழகியிருந்தது.

மேல் முள் மளமளவென்று இறங்கியது.

"பாத்தியா?" ஐஸ்கட்டி டீயை ஊதினார்.

கீழ் முள் ஒரு கணம் தயங்கியது. பிறகு விறுவிறுவென்று ஏறியது. அவள் வாக்கி டாக்கியைப் பிடுங்கினாள்.

"உடனே அங்கேருந்து வாங்க."

"அடேங்கப்பா! மகாராணி வாயத் திறந்துட்டாங்களா?"

"கிண்டல் வேணாம். வாங்க."

"மொதல்ல மன்னிப்புக் கேளு, வர்றேன்." சிரிப்புச் சத்தம்.

முள் சிவப்பைத் தொட்டது.

"டேய், ஓடுடா!"

அப்படியொரு குரல் தனக்குள் இருந்ததே அவளுக்குத் தெரியாது. ஐஸ்கட்டியின் டீ சட்டையில் கொட்டியது. அவள் நிறுத்தும் பொத்தானை ஓங்கி அடித்தாள். இரும்புப் படிகளில் பூட்ஸ் தடதடத்தது. அதன் பின்னாலேயே அவன் நின்றிருந்த இடத்தில் வால்வு பிளந்து தீ சீறியது.

தீயை அணைத்து முடித்தபோது இரண்டு முட்களும் அடிமட்டத்தில் போய்ப் படுத்திருந்தன. உள்ளே வந்தவனின் சட்டைக்கை கருகியிருந்தது. இப்போது கத்துவான் என்று காத்திருந்தாள். அவன் அவளை ஒரு முறை பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தான்.

வீடு திரும்பும் பேருந்திலும் அவன் வாய் திறக்கவில்லை.

"கோவமா?"

"இல்லையே."

"பின்ன ஏன் பேச மாட்டேங்கறீங்க?"

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் மணிக்கட்டைத் தொட்டாள்; சில்லென்றிருந்தது.

"ஏதாவது சொல்லுங்க. சொல்லுங்கன்னா!"

முன் இருக்கைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தன் குரல் ஏறிக்கொண்டே போவது அவளுக்கே கேட்டது.