பல்தசாரின் ஜன்னல்

மூன்று மணிக்குக் கீழ்வீட்டுப் பல்தசாரின் அடக்கம். நானும் என் கணவர் அன்செல்மோவும் கிராசா சதுக்கத்தில் நின்றுகொண்டு, எங்களை ஏற்றாமல் போகிற டிராம்களை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தோம்.

இருபத்தெட்டாம் எண் டிராம் எங்கள் தெரு வழியாகவே போய்க் கல்லறைத் தோட்டத்து வாசலில் நிற்கும். லிஸ்பன்காரர்கள் அதில் உட்கார்ந்து எவ்வளவோ காலமாகிறது. எங்கள் தெருவில் எப்படியும் இடம் கிடைக்காது என்று, இடுப்பு எலும்பு தேய்ந்த அன்செல்மோவை இழுத்துக்கொண்டு மேடேறி முந்தைய நிறுத்தத்துக்கு வந்திருந்தேன். இங்கேயும் அதே கதைதான். ஜன்னல் முழுக்கக் கைகள், கைகள் முழுக்கச் செல்போன். ஆற்றில் அன்று இரண்டு பெரிய சுற்றுலாக் கப்பல்கள் வந்திருந்ததால் டாக்சி எல்லாம் துறைமுகத்துக்கு ஓடிவிட்டன. ஓர் ஆட்டோக்காரன் கிடைத்தான். அவன் கேட்ட தொகைக்கு இன்னொரு சவப்பெட்டியே வாங்கிவிடலாம்.

"எர்மீனியா, ஒன்னு சொல்றேன் கோவிச்சுக்காதே," என்றார் அன்செல்மோ. "நாம போகலேன்னா பல்தசாருக்குத் தெரியவா போகுது?"

"அவருக்குத் தெரியாது. ஒடெட்டுக்குத் தெரியுமே."

ஒடெட் பல்தசாரின் ஒரே மகள். பாரிசில் வேலை. விமானத்திலிருந்து இறங்கி நேரே கல்லறைக்கு வருவதாகச் சொல்லியிருந்தாள். சாவுச் செய்தி சொல்லப் போன் செய்தபோது, "அப்பாவைத் தனியா விட்டுட்டேனே, பேச ஒரு நாய்கூட இல்லேன்னு சொல்லிச் சொல்லி மாய்ஞ்சாரே," என்று குலுங்கிக் குலுங்கி அழுதாள். எனக்குத் தாங்கவில்லை. "அதெல்லாம் சும்மா புலம்பல். வந்து பாரு, ஊரே திரண்டு நிக்கும்," என்று சொல்லிவிட்டேன்.

எந்த ஊர்? எங்கள் கட்டடத்தில் கதவுக்குக் கதவு இப்போது, வந்து தங்கிப் போகிற சுற்றுலாக்காரர்களுக்காக எண் பூட்டுப் போட்ட சாவிப் பெட்டிதான் தொங்குகிறது. குடியிருந்தவர்களில் பாதிப் பேர் ஆற்றுக்கு அக்கரையில் பிள்ளைகளோடு ஒண்டியிருக்கிறார்கள். மீதிப் பேர் பல்தசாருக்கு முன்னாலேயே கல்லறைக்குப் போய்விட்டார்கள். முந்தின நாள் இரவு தேவாலயத்தில் அவருக்குக் காவல் இருந்தது நாங்கள் இரண்டே பேர். இன்றைக்கு நாங்களும் போகாவிட்டால், பெட்டிக்குப் பக்கத்தில் பாதிரியாரும் வண்டி ஓட்டுகிறவனும்தான் நிற்பார்கள். அந்தப் பெண் அதைப் பார்க்கக் கூடாது. எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அப்போதுதான் மஞ்சள் குடையைப் பார்த்தேன். குடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வழிகாட்டிப் பெண் ஒருத்தி முன்னால் வர, பின்னால் ஒரு பெரிய கும்பல். அவர்களுக்கென்றே வாடகைக்குப் பிடித்த பழைய டிராம் ஒன்று ஓரமாக நின்றது. நெற்றிப் பலகையில் நாங்கள் போகவேண்டிய கல்லறையின் பெயர்.

பக்கத்துக் கடையில் இரண்டு வைக்கோல் தொப்பி வாங்கி, ஒன்றை அன்செல்மோ தலையில் கவிழ்த்தேன்.

"என்ன கண்றாவி இது?"

"வாயைத் திறக்காம சிரிச்சுக்கிட்டே ஏறுங்க."

சாவு வீட்டுக் கறுப்புக் கோட்டுக்கு அந்தத் தொப்பி படுகேவலமாக இருந்தது. கேவலமாக இருந்ததால்தான் எங்களை யாரும் சந்தேகப்படவில்லை. ஜன்னலோர இருக்கையே கிடைத்தது. பிறந்ததிலிருந்து இந்த ஊரில் இருக்கிறேன், இப்படி ஒரு மரியாதை கிடைத்ததில்லை.

வழிகாட்டிப் பெண் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டே வந்தாள். ஓட்டல் அறைகளைப் பெருக்கித் துடைத்த காலத்தில் நான் கற்றுக்கொண்ட ஆங்கிலம் அதைப் புரிந்துகொள்ளப் போதுமானதாக இருந்தது. மேலே கொடியில் காய்கிற துணிகளைக் காட்டி, இதுதான் அசல் லிஸ்பன் வாழ்க்கை என்றாள். எல்லோரும் படம் எடுத்தார்கள். அது என் படுக்கை விரிப்பு. கறை உள்ள பக்கம் வெளியே தெரிந்தது.

அடுத்த நிமிடம் டிராம் நின்றது, எங்கள் வீட்டு வாசலிலேயே.

"இப்ப எல்லாரும் இந்தப் பக்கம் வாங்க," என்று அவள் குரலைத் தாழ்த்தினாள். "இரண்டாம் மாடி, பச்சை ஜன்னல். லிஸ்பனோட கடைசிக் கோபக்காரர். மணி அடிச்சா வருவார். நனையக் கூடாதுன்னு நினைக்கறவங்க குடையை விரிச்சுக்கலாம்."

ஓட்டுநர் மணி அடித்தார். செல்போன்கள் எல்லாம் மேலே உயர்ந்தன. ஒரு செம்மூஞ்சி ஹாலந்துக்காரர் வெயிலில் மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு, தேவமாதாவின் தரிசனத்துக்கு நிற்பவர்போல் நின்றார். இதற்காகத்தான் டிக்கெட் எடுத்தோம் என்று அவர் மனைவி பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்.

பல்தசார் தினமும் அந்த ஜன்னலில் வாளியோடு காத்திருப்பார். டிராம் வந்ததும் தண்ணீரை ஊற்றி, அவர்கள் வம்சத்தையே இழுத்து வைத்துத் திட்டுவார். பிறகு மூச்சு வாங்க என் வீட்டுக்குப் படியேறி வந்து, "இன்னைக்குப் போன போக்கைப் பார்த்தியா எர்மீனியா? இனி இந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்க மாட்டானுங்க," என்பார். முகமெல்லாம் பூரிப்பாக இருக்கும். ஊரைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டிருந்தார் பாவம். இவர்கள் காசு கொடுத்து நனைய வந்திருக்கிறார்கள். நல்லவேளை, இது தெரியாமலே போய்ச் சேர்ந்தார்.

ஓட்டுநர் மறுபடியும் மணி அடித்தார். என்னால் பொறுக்க முடியவில்லை. தொப்பியைக் கழற்றிவிட்டு எழுந்தேன்.

"நிறுத்தச் சொல்லும்மா. அவர் வரமாட்டார்."

எங்கள் பாஷையைக் கேட்டதும் அவள் திகைத்தாள். "நீங்க எங்க குழுவா?"

"இல்ல. நான் அதுக்கு மேல் வீடு. அந்த மனுஷன் செத்துட்டார். அவரை அடக்கம் பண்ணத்தான் போயிட்டிருக்கோம், உன் வண்டியில."

அவள் அப்படியே இருக்கையில் உட்கார்ந்துவிட்டாள். சட்டையில் குத்தியிருந்த அட்டையில் ஃபிலிப்பா என்று இருந்தது.

"போன வாரம்கூட என்னை எருமைன்னு திட்டினாரே," என்றாள். "முதல்ல பேரைக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டார். அப்புறம் பேரைச் சொல்லித் திட்டுவார். எங்க அம்மாகூட என்னை இவ்வளவு தவறாம விசாரிச்சதில்ல."

அவள் எழுந்து விஷயத்தைச் சொன்னதும் செல்போன்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. ஹாலந்துக்காரர் மழைக்கோட்டைக் கழற்றி மடித்தார். பிறகு தயங்கித் தயங்கி ஏதோ கேட்டார்.

"அவங்களும் வரலாமான்னு கேக்கறார்," என்றாள் ஃபிலிப்பா. "இந்தப் பயணத்துக்குக் கடைசி இடமே அந்தக் கல்லறைதாம்மா. டிக்கெட்டில சேர்ந்தது."

பல்தசாரின் அடக்கத்துக்குச் சுற்றுலாப் பயணிகள். மனுஷன் கேட்டால் பெட்டி மூடியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிடுவார். முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். அன்செல்மோ என் முழங்கையைப் பிடித்தார்.

"ஊரே திரளும்னு நீதானே சொன்ன? திரண்டிருக்கு. ஊர்தான் வேற."

அவர் சொன்னது சரிதான். நான் ஃபிலிப்பாவைப் பார்த்தேன். "படம் எடுக்கக் கூடாது. தொப்பி கையில இருக்கணும். அரைக்கால் சட்டைக்காரங்க பின்வரிசை."

அதற்குப் பிறகு அவள் எந்தத் தேவாலயத்தையும் சதுக்கத்தையும் காட்டவில்லை. "என் அனுதாபங்கள்" என்று எங்கள் பாஷையில் சொல்லக் கற்றுக்கொடுத்தாள். கடைத்தெரு முழுக்க வண்டியே சேர்ந்து அதை ஒப்பித்துக்கொண்டு போனது. நடைபாதையில் நின்றவர்கள் ஏதோ பாட்டு என்று நினைத்துக் கையசைத்தார்கள்.

பல்தசாரின் தாத்தா வாங்கிப்போட்ட குடும்பக் கல்லறை அது. சின்ன வீடு மாதிரி கதவும், கதவுக்கு லேஸ் திரையும் உண்டு. விடுதியாக்கப் போகிறேன் என்று வீட்டுக்காரன் அவருக்கு நோட்டீஸ் கொடுக்க முடியாத ஒரே இடம். சவப்பெட்டியை ஏற்கெனவே வண்டியிலிருந்து இறக்கியிருந்தார்கள். பக்கத்தில் ஒடெட், சக்கரம் வைத்த பயணப்பெட்டியின் கைப்பிடியைப் பிடித்தபடி தனியாக நின்றாள். சரளைக்கல்லில் காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினாள். நாங்கள் வந்துகொண்டே இருந்தோம். வரிசை முடியவே இல்லை.

பாதிரியார் செபம் சொல்லும் வரை ஒருவரும் அசையவில்லை. முடிந்ததும், யாரும் சொல்லாமலே வரிசையில் நின்றார்கள். வரிசையில் நிற்பது அவர்களுக்குக் கைவந்த கலை. ஒவ்வொருவராக ஒடெட்டின் கையைப் பிடித்துக் கற்றதைச் சொன்னார்கள். ஹாலந்துக்காரர் சொல்ல வந்ததை மறந்து, அவள் கையைப் பிடித்தபடியே கண்கலங்கி நின்றார்.

ஒடெட் என்னிடம் வந்தாள். "டோனா எர்மீனியா, யாரு இவங்கல்லாம்? அப்பாவுக்கு வெளிநாட்டுக்காரங்களைக் கண்டாலே ஆகாதே."

"அதெல்லாம் போன்ல பேசற பேச்சும்மா. தினமும் ஜன்னல்ல நின்னு இவங்ககூடத்தான் பேசுவார். அவர் குரலைக் கேக்கணும்னே வண்டியை நிறுத்திக் காத்துட்டிருப்பாங்க."

இதில் ஒரு வார்த்தையாவது பொய் என்று யாரும் சொல்ல முடியாது.

அவள் என் தோளில் சாய்ந்து அழுதாள். முந்தாநாள் அழுத அழுகை வேறு, இது வேறு. எனக்கும் அழுகை வந்தது. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்:

"ஏழாம் நாள் பூசைக்கும் வருவாங்களா? நான் இருந்து நடத்திட்டுத்தான் போவேன்."

ஃபிலிப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே செல்போனில் எதையோ தள்ளித் தள்ளிப் பார்த்தாள்.

"இவங்க நாளைக்கே ஊருக்குப் போயிடுவாங்க," என்றாள். "அன்னைக்கு வேற குழு இருக்கு. அவங்களும் அவருக்காகத்தான் வர்றாங்க. கூட்டிட்டு வரேன்."