தார்ச்சாலையில் கடல்

ஸ்வெட்டர் ஆலையில் கைகளைவிட வாய்தான் அதிகம் ஓடும். எனக்கோ கலகலவென்று பேச வராது. அதனால், 1994இல் ஷான்தால் மதாமிடம் வேலை கிடைத்ததும் ஆலையை விட்டுவிட்டேன். விமானத்திலிருந்து எடுத்த பழைய வான்படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, மறைந்துபோன குடியிருப்புகளைத் தேடுவது அவர் தொழில்.

எங்கள் தீவின் வடக்கே, ரிவியேர் டு ராம்பார் ஊர்ப் பக்கம் கரும்புத் தொழிலாளர்கள் ஒருகாலத்தில் வாழ்ந்த இடத்தைத் தேடினோம். அங்கே ஓர் ஓட்டல் கோல்ஃப் மைதானம் போடவிருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் இடத்தைக் காட்டாவிட்டால் ஆய்வை மூடிவிடுவார்கள். நான் மறுபடியும் ஆலைக்கு.

பழைய படத்தை இன்றைய வரைபடத்தோடு பொருத்த, இரண்டிலும் உள்ள இடங்களைக் குறிக்க வேண்டும். பாலம், புகைபோக்கி, மாதா கோவில், இன்னும் சில. எல்லாவற்றுக்கும் முதலில் எங்கள் மாரியம்மன் கோவில். குறித்துவிட்டுப் பொத்தானை அழுத்தினேன். படம் நெளிந்தது. ஆறு சர்க்கரை ஆலைக்குள் புகுந்தது. கடல் தார்ச்சாலைமேல் ஏறி நின்றது.

மதாம் எட்டிப் பார்த்தார். "ஓட்டல்காரங்களுக்குச் சந்தோஷம்தான், மா ஃபி, மகளே. எல்லா ரூமுக்கும் கடல் தெரியும்."

ஒவ்வொரு குறியாக நீக்கிப் பார்த்தேன். கடல் இறங்கவில்லை. மிச்சமிருந்தது கோவில்தான்.

"அது தப்பா இருக்காது, மதாம்."

அந்த வாரம் நான் உரக்கப் பேசியது அவ்வளவுதான். அவர் அந்தக் குறியை நீக்கினார். கடல் தன் இடத்துக்குப் போயிற்று.

உங்கள் கோவில் நடந்து வந்திருக்கிறது என்றார். எனக்குக் கோபம். வீட்டில் அம்மாவிடம் முறையிட்டேன். அம்மா கீரை ஆய்வதை நிறுத்தவேயில்லை.

"ஆமா, மாத்தினோம். கரும்புக்குள்ளே ஒரே சேறு. ரோட்டுக்கு பஸ் வந்துச்சு. அம்மனுக்கு மட்டும் வசதி வேண்டாமா?"

மறுநாள் திரையில் பழைய கோவில் கரும்புக்கு நடுவே தனியாக நின்றது; படம் எடுக்கும் முன்பே வீடுகள் போயிருக்க வேண்டும். குடியிருப்பை விட்டுத் தள்ளியா கோவில் கட்டியிருப்பார்கள்? அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டேன். வியாழனன்று அங்கே போனோம். வெட்டிய கரும்புக் கட்டைகளுக்கிடையே வரிசை வரிசையாகக் கல் அடித்தளங்கள். உடைந்த அம்மி. தட்டுச் சில்லுகள். மதாம் ஓர் அடித்தளத்தின்மேல் உட்கார்ந்து சிகரெட் பற்றவைத்தார்.

வெள்ளிக்கிழமை ஓட்டல்காரர்களுக்கு என்னையே விளக்கச் சொன்னார்.

"நான் தப்பாக் குறிச்சேன். அதனாலதான் கிடைச்சுது."

மைதானம் அடுத்த வயலுக்குத் தள்ளிப்போயிற்று. ஆய்வு தொடர்ந்தது. திங்களன்று தேர் ரூஜ் ஊரின் வான்படங்கள் என் மேசைக்கு வந்தன. முதல் படத்திலேயே மூன்று கோவில்கள்.

ஒன்றைக்கூட நான் நம்பவில்லை.